கொப்பியில் நிரம்பிய நன்றி

வணக்கம் அக்கா. இரண்டு மாதமாக ஒவ்வொரு இரவும் நன்றி சொல்லவேண்டிய ஐந்து விஷயத்தைக் கொப்பியில் எழுதுகிறேன். முதல் கிழமை மனம் லேசாக இருந்தது. இப்போது பிள்ளைகள், வீடு, சாப்பாடு, சுகம், கடவுள் என்று தினமும் அதேதான். எழுதி முடித்தால் எரிச்சல்தான் மிச்சம். காலையில் எழுதுவது நல்லதா, இரவிலா? நுண்கடன் கட்ட வழியில்லாமல் அழுதால், "சுனாமியில எல்லாத்தையும் இழந்த சனத்தைப் பார், நீ நன்றியோட இரு" என்கிறார் மாமி. நான் நன்றி கெட்டவளா?
வாசகி, களுவாஞ்சிகுடி

தங்கச்சி,

காலையா இரவா என்பதை விடுங்கள். பிள்ளைகள் படுத்தபிறகு பத்து நிமிடம் கிடைத்தால் அதுவே நேரம். மாமி சொன்னதுதான் எனக்குக் கோபம். 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் கொண்டுபோனவர்களைச் சொல்லி உங்கள் வாயை அடைக்க யாருக்கும் உரிமையில்லை. அடுத்தவர் இழப்போடு ஒப்பிட்டால் குற்ற உணர்ச்சிதான் வரும், நன்றி வராது. அழுகிறவள் நன்றி கெட்டவளும் இல்லை.

கொப்பிக்கு வருகிறேன். நீங்கள் எழுதுவதெல்லாம் வெறும் தலைப்பு. பழகிப்போனதை மனம் கவனிக்காது. தலைப்பை ஐம்பது தரம் எழுதினாலும் அசையாது. "பிள்ளைகள்" என்று எழுதாதீர்கள். "ரியூசனால் வந்த மகன், மழை இருட்டுவதைக் கண்டு, நான் சொல்லாமலே கொடியில் கிடந்த உடுப்பை அள்ளி உள்ளே போட்டான்" என்று எழுதுங்கள். அதோடும் நிறுத்தக்கூடாது. ஏன் செய்தான்? "நான் அடுப்படியில் நின்றதைக் கண்டான். போன கிழமை உடுப்பு நனைந்து நான் பட்ட பாடு அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது." வேலை செய்வது இந்த 'ஏன்'தான். ஆட்கள் தவறவிடுவதும் இதைத்தான். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கிழமை, இரவுதோறும், அன்று நடந்த மூன்று நல்லவற்றை எழுதச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் சேர்த்து. மனச்சோர்வுக் குறிகள் குறைந்தன, அந்தப் பலன் ஆறு மாதம்வரை தெரிந்தது. 'ஏன்' என்று கேட்டால்தான் ஒரு மனிதர் உங்களை நினைத்து ஒன்றைச் செய்தது கண்ணில் படும்.

ஆகவே ஐந்து வேண்டாம், மூன்று போதும். ஒன்றுக்கு இரண்டு மூன்று வரி. நேற்று எழுதியது இன்று வரக்கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால், நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று கழித்துப் பாருங்கள்: அந்த உடுப்பு நனைந்திருந்தால் மகள் நாளைக்கு எதை உடுத்துப் பள்ளிக்குப் போவாள்? உங்களுக்கு எரிச்சல் வந்துவிட்டபடியால், ஒரு மாதத்துக்குக் கிழமையில் ஒருநாள் மட்டும் எழுதுங்கள். இன்னொரு உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினரின் ஆறு கிழமை ஆய்வில் கிழமைக்கு ஒருதரம் எழுதியவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது; மூன்று தரம் எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. தினமும் எழுதாவிட்டால் பாவம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

எழுதியதைக் கொப்பிக்குள் பூட்டி வைக்கவும் வேண்டாம். வீட்டாட்களுக்கு நன்றி சொன்னால் அந்நியமாகிவிடும் என்று எங்கள் பக்கம் வாயே திறக்கமாட்டோம். நன்றி என்று சொல்லத் தேவையில்லை, செய்ததைச் சொன்னால் போதும். "மச்சாள், அண்டைக்கு நீங்க சின்னவனைப் பாத்துக்கிட்டதாலதான் எனக்குக் கிளினிக் போய்வர ஏலுமாப் போச்சு." "உடுப்பு நனையாம எடுத்து வெச்சிட்டாய் மனே." அவ்வளவுதான். அதன் பின்னால் "எப்பவும் இப்பிடிச் செய்தா என்ன?" என்று ஒட்டிவிடாதீர்கள், சொன்னது முழுவதும் குறையாகிவிடும். அநேகமான வீடுகளில் கெடுவது இந்த இடத்தில்தான்.

கடனை இந்தக் கொப்பிக்குள் கொண்டுவரவேண்டாம். வேறொரு தாளில் எடுத்த தொகை, கட்டியது, வட்டி, அடுத்த தவணைத் திகதி, கடன் எடுத்த குழுவில் யார் யார் பிணை என்று எழுதி, காசு சேர்க்க ஆள் வருமுன்னரே குழுவில் உள்ளவர்களோடு இருந்து பேசுங்கள். கட்ட முடியாத தவணைக்கு நன்றியுணர்ச்சி பதில் இல்லை.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பி, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் கொப்பியை நம்பி இருக்காதீர்கள், ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். நடுச்சாமத்தில் தாங்க ஏலாவிட்டால் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.