ஜெயித்தவனைக் காணோம்

அன்புள்ள ஐயா,

மகன் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது பேஸ்பால் பார்க்கப் பழகினேன். 1959 மே 26 அன்று பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஹார்வி ஹேடிக்ஸ், மில்வாக்கி பிரேவ்ஸ் அணியை அவர்கள் மைதானத்திலேயே 12 இன்னிங்ஸ், 36 பேர், ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல் வரிசையாக அவுட்டாக்கினார். 13-வது இன்னிங்ஸில் 1-0 என்று தோற்றார். 1991-ல் ஒரு கமிட்டி அதை நோ-ஹிட்டர், அதாவது ஹிட்டே கொடுக்காத ஆட்டங்களின் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டது. கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகைகளை எதிரணி திருடியதாகவும் படித்தேன். மனசு ஆறவில்லை. புள்ளிவிவரம் என்பதே இரக்கமில்லாத பொய்தானே? கிரிக்கெட்டைவிட பேஸ்பால்தான் நுட்பமானது என்றும் தோன்றுகிறது.

கே.ஆர்.

அன்புள்ள கே.ஆர்.,

கொஞ்ச நாளாக அந்த ஆட்டத்தின் ஸ்கோர் கார்டு என் மேசையில்தான் கிடக்கிறது. நல்ல நேரத்தில் வந்து மாட்டினீர்கள்.

மனசு ஆறாதது புரிகிறது. ஃப்ளூ காய்ச்சலோடு வந்து பந்து வீசிய மனிதர். அப்படி ஒரு ராத்திரி யாருக்கும் இரண்டாவது முறை வாய்க்காது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு உருகியிருக்கிறீர்களே, மில்வாக்கியின் பிட்சர் லூ பர்டெட் என்ற பெயர் உங்கள் கடிதத்தில் எங்கே? ஹேடிக்ஸ் யாரிடம் தோற்றார்? காற்றிடமா?

கார்டின் அடிவரியைப் பாருங்கள். ஹிட் என்றால் அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது, எரர் என்றால் ஃபீல்டரின் பிழை. பிட்ஸ்பர்க்: 0 ரன், 12 ஹிட், 1 எரர். மில்வாக்கி: 1 ரன், 1 ஹிட், 0 எரர். பன்னிரண்டு ஹிட் கொடுத்துவிட்டு 13 இன்னிங்ஸும் ஒரு ரன்கூட விடாமல் நின்றவர் பர்டெட். ஒருவருக்குக்கூட வாக் (தப்பான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுக்கவில்லை. ஹேடிக்ஸ் யாரையும் உள்ளே விடவில்லை. பர்டெட் உள்ளே விட்டார், மூன்று பேஸையும் தாண்டி வீடு (ஹோம்) போய்ச் சேர்ந்து ரன் எடுக்க விடவில்லை. இரண்டாவது வித்தை சின்ன வித்தையா?

மூன்றாவது இன்னிங்ஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிட்ஸ்பர்க்கின் ரோமன் மெஹியாஸ் ஒரு ஹிட் அடித்து முதல் பேஸில் நிற்கிறார். அடுத்து ஹேடிக்ஸே மட்டையோடு வருகிறார். அவர் அடித்த பந்து பர்டெட்டின் காலில் பட்டுத் தெறிக்கிறது. மெஹியாஸ் ஆசைப்பட்டு மூன்றாவது பேஸ்வரை ஓடி அவுட். பிறகு ஸ்கோஃபீல்டு இன்னொரு ஹிட். ஒரே இன்னிங்ஸில் மூன்று ஹிட், பூஜ்யம் ரன். மெஹியாஸ் இரண்டாவது பேஸோடு நின்றிருந்தால் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸிலேயே கதை முடிந்திருக்கலாம். இத்தனையும் கார்டில் இருக்கிறது. பொய் என்கிறீர்கள்!

அந்தப் பதின்மூன்றாவது இன்னிங்ஸும் அப்படித்தான். பிட்ஸ்பர்க்கின் டான் ஹோக் எறிந்த பந்து தாழ்ந்து போனதால் மில்வாக்கியின் மான்டிலா முதல் பேஸில் தப்பினார். அது எரர், ஹேடிக்ஸ் கணக்கில் ஹிட் இல்லை. மேத்யூஸ் பண்ட் செய்து (பந்தை மெல்லத் தட்டி) அவரை அடுத்த பேஸுக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே வாக். அடுத்து ஜோ ஆட்காக் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். பந்து உள்ளேயே விழுந்தது என்று நினைத்த ஆரன் இரண்டாவது பேஸோடு திரும்பி நடக்க, ஆட்காக் அவரைத் தாண்டி ஓடிவிட்டார், அப்படித் தாண்டக் கூடாது. மூன்று ரன் ஹோம் ரன், லீக் தலைவர் வாரன் ஜைல்ஸின் தீர்ப்பில் ஒரே ஒரு ரன் தந்த டபுளாக (இரண்டு பேஸ் ஹிட்டாக) சுருங்கியது. அந்த ஒரு ரன்னும் எரரில் வந்தது என்பதால் ஹேடிக்ஸ் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரியில் ஏறவேயில்லை. இதைவிட இரக்கமாக ஒரு கணக்கு இருக்குமா?

எங்கள் ஊர் கோடை கிரிக்கெட் டோர்னமென்ட்டில் ஒரு வங்கி குமாஸ்தா ஸ்கோர் எழுதுவார். சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனா. கோப்பைக்குப் பணம் கொடுத்தவரின் பையன் 49-ல் அவுட். "ஒரு லெக் பையை ரன்னாக மாத்திடுங்க சார், புள்ள அழுவுறான்" என்று கேட்டார்கள். அவர் நோட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அடுத்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை. எனக்குக் கணக்கின்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

1991 விஷயம்: ஒன்பது இன்னிங்ஸோ மேலேயோ ஆடி, ஆட்டம் முடியும்வரை ஹிட் விடாதிருந்தால்தான் நோ-ஹிட்டர் என்றார்கள். ஐம்பது ஆட்டங்கள் பட்டியலிலிருந்து போயின. பட்டம்தான் போனது, கார்டில் ஒரு எழுத்து மாறவில்லை. தான் செய்தது என்ன என்பது தனக்குத் தெரியும் என்று ஹேடிக்ஸே சொல்லிவிட்டார். நமக்கென்ன அழுகை?

அவருக்கும் அந்த நாட்களில் வாசகர் கடிதங்கள் மாதிரி நிறைய வந்தன. டெக்சஸ் கல்லூரி மாணவர் சங்கம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு கொச்சையான வரி. "உன் தலையெழுத்து" என்பதை நாம் வாய்க்கொழுப்போடு சொன்னால் எப்படியிருக்குமோ அப்படி. முதலில் கோபம் வந்ததாம், பிறகு அதுதான் சரி என்று பட்டதாம். உங்கள் கண்ணீரைவிட அந்தப் பையன்கள் மேல்.

சைகைத் திருட்டு உண்மைதான், பிரேவ்ஸ் ஆட்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். திருடியும் அடிக்க முடியவில்லையே, விடுங்கள்.

ரெட்ரோஷீட் என்ற பேஸ்பால் பதிவுத் தளத்தில் அந்த ஆட்டம் முழுக்க வரிசையாகக் கிடைக்கும். பர்டெட்டின் பக்கத்தை முதலில் படியுங்கள். கிரிக்கெட்டா பேஸ்பாலா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.