கணக்கெடுப்பை வைத்து அரசாங்கத்தை எடைபோடலாமா?

கேள்வி: 1970-இல் மலேசியாவில் 28 விழுக்காட்டினர்தான் நகரவாசிகளாம், 2020 கணக்கெடுப்பில் 75 விழுக்காடாம். அரசாங்கத்தின் சாதனைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்கிறார் என் மருமகன். சரிதானா ஐயா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எண்கள் சரி. 28.4, 75.1. ஆனால் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் அவை சொல்கின்றன, அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை அல்ல. நம் ஊரைச் சுற்றியே பாருங்களேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்கப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது, லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளை, விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் புறம்போக்குக் குடிசைக்கும் போனார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அத்தனை பேரும் நகரவாசிகள். முன்னேறிப் போனவரும் துரத்தப்பட்டுப் போனவரும் அங்கே ஒரே கட்டத்துக்குள்தான். போதாததற்கு, நகரத்தை ஒட்டிய கட்டடப் பகுதிகளையும் நகரமாகவே கணக்கிடுகிறார்கள், அதனால் இருந்த இடத்தை விட்டு நகராதவர்கூட நகரவாசி ஆகிவிடலாம்.

குடிநீர், மின்சாரக் கணக்கும் இப்படித்தான். நம் கணக்கெடுப்பு ஆட்களை மட்டுமல்ல, வீடுகளையும் எண்ணுகிறது. குழாய்த் தண்ணீர் இல்லாத ஒரு லயத்தை இடித்துத் தள்ளிவிட்டால் மாவட்டத்தில் தண்ணீர் இல்லாத வீடுகள் குறைந்துவிடும், யாரும் ஒரு குழாய்கூடப் போட்டிருக்க வேண்டியதில்லை! தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லிக் கிராமப்புறத் திட்டங்கள் நம்மைத் தாண்டிப் போன காலத்தை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. அதற்காகக் கணக்கெடுப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நாட்டின் சராசரியை விட்டுவிட்டு, ஒரே மாவட்டத்தின் பத்தாண்டு இடைவெளி எண்களைப் பக்கத்தில் வைத்து, அங்கே முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே என்று மருமகனைக் கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பதில் இருந்தால் சாதனையைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: 2010-இல் குடிமக்களில் 7.3 விழுக்காடாக இருந்த இந்தியர்கள் 2020-இல் 6.7 ஆகிவிட்டோம். நம்மை வேண்டுமென்றே குறைக்கிறார்களா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் கவலை எனக்கும் உண்டம்மா, ஆனால் காரணம் அதுவல்ல. நம் எண்ணிக்கை குறையவில்லை, ஏறக்குறைய 19 லட்சத்திலிருந்து 20 லட்சமாகக் கூடித்தான் இருக்கிறது. நம் குடும்பங்களில் பிள்ளைகள் குறைவு, அதனால் பங்கு சுருங்குகிறது. சீனர்களுக்கும் இதே கதைதான், 24.6-லிருந்து 23.2. நான் பயப்படுவது இன்னொரு எண்ணைப் பார்த்து. நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் அதே பத்தாண்டில் 5.0 விழுக்காட்டிலிருந்து 6.8 ஆகியிருக்கிறார்கள். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, பால்மரம் வெட்டிக் கை தேய்ந்த பெற்றோர் இங்கே தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிளினிக், பஸ், பராமரிப்பு எல்லாம் போதுமான அளவு இருக்கிறதா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கேள்வி: 2016-இல் வறுமை 0.4 விழுக்காடு என்றார்கள், அப்புறம் அதே ஆண்டுக்கு 7.6 என்றார்கள். கணக்கெடுப்பில் பொய்யா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அல்ல. சில குடும்பங்களை மட்டும் தேர்ந்தெடுத்து எடுக்கும் குடும்ப வருமான ஆய்வு. அப்போது வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட், ஒரு முழுக் குடும்பத்துக்கு! 2019-இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து இதைக் கடுமையாகக் குறை சொன்னார். 2020-இல் வறுமைக்கோட்டை 2,208 ரிங்கிட்டாக அரசாங்கம் உயர்த்தியது. அந்தப் புதிய முறையில் 2016-ஐத் திரும்பக் கணக்கிட்டதுதான் 7.6. குடும்பங்கள் அதேதான், வருமானமும் அதேதான், கோடு மட்டும்தான் மாறியது. ஆகவே எந்த அரசாங்கம் வறுமையை ஒழித்துவிட்டேன் என்று சொன்னாலும், கோடு எத்தனை ரிங்கிட் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: என் மாமியாரிடம் இருப்பது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. கணக்கெடுக்க வருபவரிடம் அவரைப் பற்றிச் சொன்னால் பிரச்சினை வருமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தயங்காமல் சொல்லுங்கள். குடியுரிமை இல்லாதவர்களையும் எண்ணுவதுதான் முறை, 2020-இல் அப்படி 27 லட்சம் பேர் எண்ணப்பட்டார்கள். தனிநபர் விவரங்களை 1960-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் பாதுகாக்கிறது. மறைத்தால் நட்டம் நமக்குத்தான், இப்படி எத்தனை தாய்மார்கள் காத்திருக்கிறார்கள் என்பதே எந்தக் கணக்கிலும் வராமல் போய்விடும். ஆனால் கணக்கெடுப்பில் பெயர் சொன்னதால் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்துவிடாது. அதற்குத் தேசியப் பதிவு இலாகாவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.