தயிர் ஒத்துக்கொள்கிறது, பால் மட்டும் ஏன் படுத்துகிறது?

கேள்வி: எனக்கு வயது 52. எலும்புக்கு நல்லது என்று மூன்று மாதமாக இரவில் ஒரு டம்ளர் பால் குடிக்கிறேன். ஒரு மணி நேரத்தில் வயிறு கடமுட என்கிறது, உப்புசம், சில நாள் பேதி. தயிரும் மோரும் ஒன்றும் செய்வதில்லை. ஜெய்ப்பூரில் பிறந்து வளர்ந்த என் மருமகள் சொம்பு நிறையக் குடித்தாலும் அசருவதில்லை. என் குடலில் என்ன கோளாறு?

பதில்: கோளாறு இல்லை அம்மா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், விதிவிலக்கு உங்கள் மருமகள்தான்.

பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை உடைக்க, சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் அது தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்தபின் குறைந்துவிடும். கன்றுக்குட்டிக்கும் அப்படித்தான். உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் உங்கள் கட்சி. உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. நீங்கள் கேட்கும் கடமுடா அதுதான்.

மனிதன் மாடு வளர்க்கத் தொடங்கிச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. மந்தையை நம்பிப் பிழைத்த சில கூட்டங்களில், லாக்டேஸ் சாகும்வரை சுரக்கும்படி ஒரு மரபணு மாற்றம் பரவியது. ஐரோப்பாவில் பரவிய அதே மாற்றம் வடமேற்கு இந்தியாவிலும் நிறைய உண்டு. தெற்கே வர வரக் குறைகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்களிடம் இருப்பது தனியாகத் தோன்றிய வேறு மாற்றங்கள். மங்கோலியர்கள் பெரும்பாலோரிடம் இது கிடையாது. ஆனாலும் பாலைப் புளிக்கவைத்தே காலம் தள்ளுகிறார்கள். உறை ஊற்றும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம்: லாக்டோஸில் ஒரு பங்கைத் தயிர்க் கிருமிகள் தின்றுவிடுகின்றன, மீதியை உடைக்கவும் குடலுக்குள் உதவுகின்றன.

இரவுப் பாலை நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் வயிறு அடங்கினால் சந்தேகம் தீர்ந்தது. நாட்டு மாட்டுப் பால், எருமைப் பால் என்று மாற்றிப் பார்ப்பது வீண்செலவு. லாக்டோஸ் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். காலை காபியை விட வேண்டாம், அந்தக் கொஞ்சப் பாலைப் பெரும்பாலோர் தாங்குவார்கள். கால்சியத்துக்குத் தயிர், கேழ்வரகு (100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம்), எள், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி போதும்.

பாலை நிறுத்தியும் பேதி நிற்காவிட்டாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ இந்தப் பதிலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நேரில் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.