மீன் எல்லோருக்கும்தான்: டோக்கெலாவ் மக்களைப் பற்றிக் கேள்வி பதில்

நியூசிலாந்தில் வெலிங்டனை ஒட்டிய போரிருவாவில் டோக்கெலாவ் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களோடு பழகியும் தேடிப் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை வைத்து, நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டோக்கெலாவ் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எங்கே இருக்கிறது?

பசிபிக் பெருங்கடலில், சமோவாவுக்கு வடக்கே, சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி. அதாஃபு, நுகுனோனு, ஃபகாவோஃபோ என்று மூன்று பவளத்தீவுகள். மொத்த நிலமும் சுமார் 12 சதுர கிலோமீட்டர்தான், மக்கள் ஏறக்குறைய 1,500 பேர். 1920-களிலிருந்து நியூசிலாந்தின் பொறுப்பில் இருக்கிறது. விமான நிலையம் கிடையாது. மலை இல்லை, ஆறு இல்லை. நடுவில் காயல், அதைச் சுற்றி வளையமாகச் சின்னச் சின்னத் திட்டுகள், வெளியே ஆழ்கடல்.

கேள்வி: பிடித்த மீனை ஊரே பங்கு போட்டுக்கொள்ளும் என்று படித்தேன். இது திருவிழா வழக்கமா, அன்றாட வழக்கமா?

அன்றாட வாழ்க்கையில் ஊறியது. இதற்கு இனாதி என்று பெயர். டோக்கெலாவைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள நினைத்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

ஊர் சார்பில் கடலுக்குப் போன படகுகள் திரும்பியதும் மீன்களைக் கரையில் கொட்டுவார்கள். பங்கு பிரிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. ஊர் மக்கள் பங்குக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். ஒரு குழுவில் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் குவியல் விழும். நேற்றுப் பிறந்த குழந்தையும் கணக்கில் உண்டு, படுத்த படுக்கையான பாட்டியும் உண்டு. பெரிய மீனை வெட்டிப் பிரிப்பார்கள். குழுவின் பெயரைக் கூப்பிட்டதும் அந்த வீட்டுப் பிள்ளைகள் வந்து கூடையில் அள்ளிக்கொண்டு போவார்கள். யார் பிடித்தது என்ற பேச்சே அங்கே எழாது. ஆமையையும் நீண்ட மூக்குள்ள மயில்மீன் வகைகளையும் எவர் பிடித்தாலும் தன் வீட்டுக்கு மட்டும் என்று கொண்டுபோக முடியாது. அவை ஊருக்குச் சேர வேண்டியவை.

கேள்வி: சோம்பேறிக்கும் பங்கு கிடைக்குமே அண்ணா, உழைப்பவனுக்கு எரிச்சல் வராதா?

நல்ல கேள்வி, பலரும் மனதுக்குள் கேட்பது. பங்கு என்பது கூலி இல்லை, ஊரில் ஒருவராக இருப்பதற்கான உரிமை. ஆனால் உழைப்பும் அதே மாதிரி கடமைதான். உடம்பில் தெம்புள்ள ஆண்களெல்லாம் அவுமாங்கா என்ற அணியில் சேர்ந்தவர்கள். பெரியவர்கள் கூடும் தாவுபுலெங்கா என்ற ஊர்ச்சபை கூப்பிட்டால் மீன்பிடிக்க, கூரை போட, கப்பல் சரக்கு இறக்கப் போயே ஆக வேண்டும். டிமிக்கி கொடுத்தால் சபை சும்மா விடாது. அத்தனை சின்ன ஊரில் எல்லோர் கண்ணிலும் படாமல் சோம்பி இருப்பதும் நடக்காத காரியம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். குளிர்பெட்டி வருவதற்கு முன் நூறு மீன் பிடித்தவன் அதை வைத்து என்ன செய்வான்? நாளைக்கு அவன் படகு வெறுமையாகத் திரும்பலாம். பங்கு போடுவதுதான் அங்கே சேமிப்பு. சம்பளமும் கடையும் வந்த பிறகும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கேள்வி: மணலும் பவளக்கல்லும்தான் என்றால் என்ன விளையும்? குடிநீர்?

தென்னை, ஈரப்பலா, தாழை, அப்புறம் புலகா என்கிற பெரிய சேம்பு. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகத் தங்கும். அந்த ஈரம் எட்டும் வரை குழி தோண்டி, இலைதழைகளைப் போட்டு மக்கவைத்து, அதில் புலகா நடுவார்கள். மண்ணையே கையால் உண்டாக்கும் விவசாயம் இது.

தென்னம்பாளையைச் சீவிக் காலையும் மாலையும் இறக்கும் இனிப்பான நீருக்குக் கலேவே என்று பெயர். காய்ச்சிப் பாகாகவும் வைத்துக்கொள்வார்கள். குடிநீருக்கு அந்தக் காலத்தில் தென்னையின் அடிமரத்தைக் குடைந்து, மரத்தில் வழியும் மழைநீரைப் பிடித்தார்கள். இப்போது கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கிறார்கள்.

கைக்குக் கிடைத்ததை எல்லாம் எடுத்துவிடவும் முடியாது. ஒரு திட்டையோ பவளப்பாறையையோ ஊர்ச்சபை சில காலம் மூடி வைக்கும். அதற்கு லஃபு என்று பெயர். திறந்துவிடும்வரை யாரும் அங்கே கை வைக்கக்கூடாது.

கேள்வி: சூரை பிடிப்பதில் இவர்கள் கில்லாடிகள் என்கிறார்களே?

ஆமாம். பழைய தூண்டிலைப் பார்த்தால் புரியும். முத்துச்சிப்பியின் ஓட்டைச் சின்ன மீன் போல நீளமாக இழைத்து, ஆமை ஓட்டில் செய்த கொக்கியை நாரால் கட்டியிருப்பார்கள். கொக்கியில் எதிர்முள் இருக்காது. இரை தேவையில்லை. தண்ணீரில் இழுக்கும்போது சிப்பியின் மினுமினுப்பைப் பார்த்தே சூரை பாயும். கழியை ஒரு வீச்சில் தூக்கினால் மீன் படகுக்குள் வந்து விழும், கயிறு தளர்ந்ததும் கொக்கி தானே கழன்றுகொள்ளும். கையால் தொட்டுக் கழற்ற நேரமில்லை, கூட்டம் போய்விடும். எந்த வெளிச்சத்துக்கு எந்த நிறச் சிப்பி என்பது தேர்ந்த மீனவரின் கணக்கு. அப்படிப்பட்டவரைத் தாவுதாய் என்பார்கள். ஊரில் அவருக்குத் தனி மரியாதை.

படகுகள் கனவா என்ற மரத்தில் செய்தவை. பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்து, ஒரு பக்கம் மிதவைக் கட்டை வைப்பார்கள். இன்று பெரும்பாலும் அலுமினியப் படகுதான். துலுமா என்ற மரப்பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். தண்ணீர் புகாத மூடியுள்ள அந்தப் பெட்டியில் தூண்டில் சாமான்களைப் போட்டு வைப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் அது மிதக்கும்.

கேள்வி: பெண்களின் நிலை என்ன? எல்லாம் ஆண்கள் ராஜ்யம்தானா?

கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண் வழியில் நிற்கும். காயிங்கா எனப்படும் பெரிய உறவுக் குடும்பத்தில் சகோதரர்களின் வாரிசுகள் நிலத்தையும் தோப்பையும் நிர்வகிப்பார்கள். சகோதரிகளின் வாரிசுகள் வீட்டில் இருப்பார்கள். வந்து சேரும் உணவை மூத்த பெண்மணி பிரிப்பார், அவர் சொல்லை யாரும் தட்டுவதில்லை. அண்ணன் தங்கை இடையே கட்டுப்பாடான மரியாதை உண்டு, வயது வந்த பிறகு கேலி கிண்டல் ஆகாது.

கேள்வி: ஆட்டம் பாட்டு உண்டா?

ஃபாதெலே. மரப்பெட்டியையும் தகரத்தையும் தட்டி, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப, வேகம் கூடக்கூடப் பாடி ஆடுவார்கள். கிலிகிதி என்று அவர்கள் பாணி கிரிக்கெட்டும் உண்டு, அணியில் 11 பேர்தான் என்ற கட்டாயமில்லாமல்.

கேள்வி: இவ்வளவு தூரத்தில் இருந்ததால் வெள்ளைக்காரர்களின் தொல்லை இல்லாமல் தப்பித்தார்களா?

இல்லை ஐயா. 1863-ல் பெருவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்கள் சுமார் 250 பேரைப் பிடித்துக்கொண்டு போயின. அன்றைய மக்கள்தொகையில் அது ஏறக்குறைய பாதி. அதிலும் பெரும்பாலும் உழைக்கும் வயது ஆண்கள். திரும்பி வந்தவர்கள் அநேகமாக இல்லை. கடலுக்குப் போகும் கைகள் இல்லாமல் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் மிஞ்சிய ஊர்களை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து மீண்டு வந்தவர்கள்தான் இன்றைய டோக்கெலாவ் மக்கள்.

கேள்வி: கடல் மட்டம் உயர்கிறதே, எல்லோரும் நியூசிலாந்துக்கே வந்துவிட மாட்டார்களா?

ஏற்கெனவே அதிகம் பேர் இங்கேதான். 1960-களில் அரசின் குடியேற்றத் திட்டம் வந்தது, 1966-ல் அடித்த புயல் அதை வேகப்படுத்தியது. 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் டோக்கெலாவ் வம்சாவளியினர் 8,000-க்கு மேல். தீவுகளில் நிலம் கடலிலிருந்து சில மீட்டர் உயரம்தான். 2005-ல் பெர்சி புயல் அடித்தபோது கடல் ஊருக்குள் வந்தது. புலகாக் குழியில் உப்பு ஏறினால் பயிர் போய்விடும். பயம் நியாயமானதே. ஆனால் ‘மூழ்கும் தீவு’ என்று மட்டும் அவர்களைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. 2012-ல் டீசலை விட்டு ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் சூரிய ஒளியிலிருந்து எடுக்கத் தொடங்கியவர்கள் அவர்கள். தன்னாட்சிக்காக 2006, 2007-ல் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியால் இரண்டாம் முறை வெறும் 16 வாக்கில் தவறிப்போனது.

கேள்வி: சுற்றுலாவாகப் போய்ப் பார்க்கலாமா?

நினைத்தவுடன் முடியாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து கப்பல்தான், ஒரு நாளுக்கு மேல் ஆகும். முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், போகும் ஊரின் பெரியவர்களும் சம்மதிக்க வேண்டும். தங்க இடத்துக்கும் திரும்பும் பயணத்துக்கும் முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயமும் ஓய்வும்தான், அன்று மீன்பிடிக்கப் போகலாமா என்று யாரிடமும் கேட்காதீர்கள்.