ஓர்க்காவின் பசி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சியாட்டிலுக்குப் பக்கத்தில் இஸாக்குவா என்ற ஊரில் குடியிருக்கிறோம். செத்த குட்டியைத் தலையில் தாங்கியபடி 2018இல் 17 நாள் நீந்திய ஜே35 என்ற தாய் ஓர்க்கா (கொலைத் திமிங்கிலம்), 2025 ஜனவரியிலும் அதையே செய்தது பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். மூன்று சந்தேகங்கள்.

அக்டோபரில் எங்கள் ஊர் ஓடையில் சால்மன் முட்டி மோதிக்கொண்டு ஏறுகிறது. ஊர் நடுவிலேயே சால்மன் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. பிறகு ஓர்க்கா ஏன் பட்டினி கிடக்கிறது? இன்னும் சில கோடிக் குஞ்சுகளை விட்டால் தீராதா? அடுத்தது, படகுகள் ஓர்க்காவிலிருந்து 1000 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்ற சட்டம். படகு வைத்திருக்கும் நண்பர் அதை வீண் கெடுபிடி என்கிறார். கடைசியாக, கையெழுத்து இயக்கம் தவிர வீட்டளவில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

உங்கள் ஓடையில் முதலில் ஏறுவது சினூக், பின்னால் வருவது கோஹோ. கரையில் நின்று பார்க்கும் நமக்கு எல்லாமே சால்மன். ஓர்க்காவுக்கு அப்படியில்லை.

உங்கள் பக்கத்துக் கடலில் முக்கியமாக இரண்டு வகை ஓர்க்காக்கள் உலவுகின்றன. ஒன்று மீனை மட்டும் தின்னும் ‘சதர்ன் ரெசிடென்ட்’. ஜே, கே, எல் என்று மூன்று கூட்டங்கள். 1995இல் 98 இருந்தன, 2025 ஜூலைக் கணக்கில் 74. இன்னொன்று சீல்களையும் கடற்சிங்கங்களையும் வேட்டையாடும் ‘பிக்ஸ்’ ஓர்க்கா. அதன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே கப்பல் இரைச்சல். பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் போன்ற நஞ்சு பிக்ஸ் உடம்பில்தான் கூடுதல், ஏனென்றால் மீனைத் தின்ற சீல்களை அது தின்கிறது. இருந்தும் பிக்ஸ் பெருகுகிறது, ரெசிடென்ட் தேய்கிறது. ஆகவே சாப்பாட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரைச்சலையும் நஞ்சையும் நான் தள்ளிவிடவில்லை. பசித்த உடம்பில் அவை இன்னும் மோசமாக வேலை செய்யும். கொழுப்பில் அடைந்து கிடக்கும் பிசிபி, கொழுப்பு கரையும்போது இரத்தத்தில் இறங்குகிறது. பால் வழியாகத் தலைக்குட்டிக்குப் போய்ச் சேர்கிறது. போதாததற்கு, 1960களிலும் 70களிலும் காட்சிசாலைகளுக்காக இந்தக் கூட்டங்களின் குட்டிகளை வளைத்து வளைத்துப் பிடித்தார்கள். அதில் ஒரு தலைமுறையே போய்விட்டது.

பட்டினி என்பது யூகமில்லை, அளந்து பார்த்த விஷயம். ட்ரோனில் மேலிருந்து படம் எடுப்பார்கள். கண்ணுக்கு மேலே இருக்கும் இரண்டு வெள்ளைத் திட்டுகளின் இடைவெளியை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து ஒப்பிடுவார்கள். கொழுப்பு வற்ற வற்றப் பின்பக்க இடைவெளி சுருங்கும். இன்னும் வற்றினால் மூச்சுத்துளைக்குப் பின்னால் பள்ளம் விழும், தலை நிலக்கடலைக் காய் மாதிரித் தெரியும். ஆய்வாளர்கள் ‘கடலைத் தலை’ என்றே சொல்வார்கள். அந்த நிலைக்குப் போனவை பிழைப்பது அபூர்வம்.

இன்னொரு வழி கழிவு. படகு முனையில் மோப்ப நாய் நிற்கும். வாடை வரும் பக்கம் அது உடம்பைச் சாய்க்க, ஓட்டுகிறவர் அந்தப் பக்கம் திருப்புவார். மிதக்கும் கழிவு மூழ்குவதற்குள் வலையால் அள்ளிவிட வேண்டும். அதிலுள்ள ஹார்மோன்களை வைத்துக் கர்ப்பத்தையும் பசியையும் சொல்லிவிடலாம். 2008 முதல் 2014 வரை இப்படிக் கண்டறிந்த கர்ப்பங்களில் 69 சதவீதம் குட்டியாகத் தேறவில்லை.

தின்றது எந்த மீன் என்பதும் அதே கழிவில் இருக்கிறது. கோடையில் பெரும்பங்கு சினூக். கோடை முடிவில் கொஞ்சம் கோஹோ, இலையுதிர் காலத்தில் ‘சம்’ என்ற இன்னொரு சால்மன். ‘சாக்கை’, ‘பிங்க்’ என்ற சால்மன் வகைகள் எத்தனையோ மடங்கு அதிகமாக நீந்திப் போனாலும் அவ்வளவாகத் தொடுவதில்லை. காரணம் கணக்குதான். சினூக் சால்மன்களிலேயே பெரியது, கொழுப்பு மிகுந்தது, குளிர்காலத்திலும் கரையோரக் கடலில் கிடைப்பது. வளர்ந்த ஓர்க்காவுக்கு நாளைக்கு 18 முதல் 25 வளர்ந்த சினூக் வேண்டும். மீன் பாதி அளவுக்குச் சிறுத்தால் இரண்டு மடங்கு துரத்த வேண்டும், துரத்துவதற்கே கொழுப்பு செலவாகும். கடலில் வருடக்கணக்கில் வளர்ந்து திரும்பும் பெரிய கிழட்டு சினூக் இப்போது அரிதாகி வருகிறது.

இந்த இடத்தில்தான் குஞ்சு பொரிப்பகம் கை கொடுக்காமல் போகிறது. மாநில ஆளுநர் 2018இல் அமைத்த ஓர்க்கா பணிக்குழுவுக்குப் பிறகு சினூக் குஞ்சு விடுவதைக் கூட்டத்தான் செய்தார்கள். ஆனால் 100 குஞ்சு விட்டால் வளர்ந்து திரும்புவது ஒன்று தேறினாலே நல்ல ஆண்டு. அதற்கும் 3 முதல் 5 வருடம் ஆகும். சிமெண்ட் தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்தவை தொட்டிக்குப் பழகியவை. அவை சீக்கிரம் முதிர்ந்து சின்னதாகவே திரும்பும் போக்கு உண்டு. வழி தவறிக் காட்டு மீனோடு கலந்தால் அந்த ஆற்றுக்கென்றே உருவான மரபும் நீர்த்துப்போகும். பொரிப்பகத்தை இன்றே மூடச் சொல்லமாட்டேன், மூடினால் அடுத்த சில வருடங்களுக்கு ஓர்க்கா தட்டில் இருப்பதும் போய்விடும். அதையே மருந்தென்று நம்புவதைத்தான் ஏற்க முடியவில்லை. இன்னொன்று, உங்கள் ஓடைக்கு வந்து சேர்ந்த மீன் ஓர்க்காவைத் தாண்டி வந்த மீன். அது அதன் பசிக்குக் கணக்கில்லை.

வேலை நடக்க வேண்டியது சால்மன் முட்டையிட ஏறும் ஆற்றில். வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தார்கள். ஒரேகானிலிருந்து கலிபோர்னியா வழியாகக் கடலுக்குப் போகும் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை இடித்து முடித்தது 2024இல். முடித்த அதே அக்டோபரில் சினூக் ஒரேகான் பகுதிக்குள் ஏறிவிட்டது, 1912க்குப் பிறகு முதல் முறையாக. ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நான்கு அணைகள்தான் தீராத வழக்கு. அங்கே மீன் ஏணி, அதாவது மீன் அணையை ஏறிக் கடக்கும் படிக்கட்டு, இருக்கிறதே என்பார்கள். ஏணி பெரிய மீன் ஏறுவதற்கு. குஞ்சு இறங்குவதற்கு ஓட்டம் வேண்டும், அணைகளுக்கிடையே தேங்கி நிற்கும் நீரில் ஓட்டம் இல்லை. வெயிலில் அந்த நீர் 20 டிகிரியைத் தாண்டினால் ஏறுகிற மீனும் தளர்கிறது. டர்பைனில் சிக்காமல் குஞ்சைக் கடத்த மதகு வழியே நீரைக் கொட்டுவார்கள். அதையும் அளவாகத்தான் கொட்ட முடியும். மிஞ்சினால் நீரில் காற்று அளவுக்கு மேல் கரைந்து மீனின் உடம்புக்குள் குமிழாகும். வசந்தத்தில் அதற்கு வரம்பு, இயல்பாகக் கரையும் அளவில் 125 சதவீதம். அணைகளுக்கு மாற்று தேடும் உடன்பாடு 2023 டிசம்பரில் வந்தது. 2025 ஜூனில் டிரம்ப் அரசு அதிலிருந்து விலகிவிட்டது.

அணைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கல்வர்ட்டைப் பற்றிப் பேசுவாரில்லை. சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்திவிடும் குழாய்தான் கல்வர்ட். ஓடையைவிடக் குறுகலான குழாயில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். வெளிவாயில் அது மண்ணை அரித்துக்கொண்டே இருக்க, சில வருடத்தில் குழாய் அந்தரத்தில் நிற்கும். ஒரு அடிக்கு மேல் தொங்கினால் பெரிய மீனுக்கே தடை என்று கணக்கு, விரல்நீளக் குஞ்சுக்கு அது பாதிகூட வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்தின் சரியான அளவு இதுதான்: கரைததும்பும்போது ஓடை எவ்வளவு அகலமோ அதை 1.2ஆல் பெருக்கி 2 அடி சேர்க்க வேண்டும். 10 அடி ஓடைக்கு 14 அடி. குழாயின் அடிப்பகுதியை மண்ணில் புதைத்து, உள்ளே ஓடையின் கல்லும் மணலும் நிரப்ப வேண்டும், மீனுக்குத் தான் சாலையைக் கடக்கிறோம் என்பதே தெரியக்கூடாது. பழங்குடி மக்கள் 2001இல் தொடங்கிய வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போய் மாநிலமே இவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆனது. ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. கல்வர்ட் திறந்தால் முதலில் பயனடைவது கோஹோவும் சம்மும்தான். சினூக் பெரும்பாலும் பெரிய ஆற்று மீன். ஆனால் இலையுதிர் கால ஓர்க்காவின் தட்டில் அந்த இரண்டும் இருக்கின்றன.

உங்கள் நண்பருக்கு வருகிறேன். ஓர்க்கா கிளிக் ஒலி எழுப்பி, மீனின் காற்றுப்பையில் பட்டு வரும் எதிரொலியை வைத்து வேட்டையாடுகிறது. 400 கஜத்துக்குள் படகு வந்தால் பெண் ஓர்க்கா வேட்டையையே நிறுத்திவிடுகிறது என்று உடம்பில் கருவி ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டியது அதுதானே. சதர்ன் ரெசிடென்டை விட்டு 1000 கஜம் தள்ளி நிற்பது 2025 ஜனவரி முதல் சட்டம். எதிர்பாராமல் உள்ளே மாட்டிக்கொண்டால் வேகத்தை மணிக்கு 7 கடல் மைலுக்குக் (நாட்) குறைத்து விலக வேண்டும். 400 கஜத்துக்குள் என்றால், ஆபத்தில்லாத இடமாக இருந்தால், எஞ்சினை நியூட்ரலில் போட்டு அவை கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். பலர் மறப்பது ஆழமானி, ஒலி அனுப்பித் தண்ணீரின் ஆழம் பார்க்கும் கருவி. 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஓர்க்காவின் காதுக்கு நன்றாகவே கேட்கும். தேவையில்லாதபோது அணைத்துவிடட்டும், தேவையென்றால் 200இல் வைக்கட்டும். வந்தது பிக்ஸா இல்லையா என்று முதுகுத் துடுப்பின் நுனியைப் பார்த்து முடிவு செய்ய முயல வேண்டாம், தெரியாவிட்டால் விலகுவதே சரி. பார்க்க ஆசையென்றால் சான் ஹுவான் தீவின் லைம் கில்ன் முனையில் கரையிலேயே நின்று பார்க்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியதில் முதலாவது மழைநீர். டயர் தேய்மானத்திலிருந்து வரும் 6பிபிடி-குவினோன் என்ற ரசாயனம் கோஹோவைச் சில மணி நேரத்தில் கொல்கிறது. 2020 டிசம்பரில்தான் இது தெரியவந்தது. வாசலில் கார் கழுவினால் அழுக்கு, சோப்பு எல்லாம் மழைநீர் வாய் வழியாக நேரே ஓடைக்குப் போகும். கார் கழுவும் கடைக்குக் கொண்டுபோங்கள், அங்கே தண்ணீர் சாக்கடைச் சுத்திகரிப்புக்குப் போகிறது. இடமிருந்தால் மழைத்தோட்டம், அதாவது மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான தோட்டம், போடலாம்: 60 பங்கு மணல், 40 பங்கு மட்கு உரம், ஆழம் 18 அங்குலம், அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி. கலவையைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டால் நீர் இறங்காது, குட்டையாகிவிடும். புது உரத்திலிருந்து முதலில் பாஸ்பரஸ் கசியும், ஏரிக்கு அது ஆகாது. சமாமிஷ் ஏரியோரம் வீடென்றால் போடும் முன் நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குழம்புக்கு அலாஸ்கா சாக்கை சால்மன் வாங்கினால் ஓர்க்காவோடு போட்டியில்லை. ‘கிங்’ என்று விற்பது சினூக். தென்கிழக்கு அலாஸ்காக் கடலில் தூண்டிலில் பிடிபடும் சினூக்கில் பெரும்பகுதி தெற்கே உள்ள ஆறுகளில் பிறந்தது. (ஊரில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கும் காலா மீனுக்கு இந்த வம்சத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதை நிம்மதியாகச் சாப்பிடலாம்.)

அடுத்த அக்டோபரில் ஓடைக்குப் போகும்போது கூழாங்கல் படுகையில் மற்ற இடத்தைவிட வெளுப்பாக, பாசி இல்லாமல் ஒரு திட்டு தெரிந்தால் அது பெண் மீன் வாலால் தோண்டி முட்டையிட்டு மூடிய இடம். குஞ்சு வெளிவர வசந்தம் ஆகும். அதுவரை பிள்ளைகளையும் நாயையும் அங்கே இறங்கவிடாதீர்கள்.