வாசகர் கேட்டவை: குழாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி

கேள்வி: சென்னைக்கு வந்து இருபது வருஷமாகிறது. வீராணம் தண்ணீரைத்தான் குடிக்கிறேன் என்கிறார்கள். அந்த ஏரியை ஒருமுறை பார்க்க ஆசை. படகு, பூங்கா மாதிரி ஏதாவது இருக்குமா? எப்போது போகலாம்? (போரூர் வாசகி)

பதில்: 2004-ல் வந்த புதிய வீராணம் திட்டத்தின் குழாய் உங்கள் போரூரில்தானே வந்து முடிகிறது! நீங்கள் போகாமல் யார் போவது?

படகு, பூங்கா எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். நான் போவது கரைக்காக. சிதம்பரம் வரை ரயில், அங்கிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ்ஸில் சுமார் 25 கிலோமீட்டர். பக்கத்திலேயே லால்பேட்டை. அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கரை ஏறுங்கள். ஏரியின் நீளம் 14 கிலோமீட்டர் என்பார்கள். கரை கிழக்கே இருப்பதால் சாயங்காலம் சூரியன் தண்ணீருக்குள்தான் இறங்கும். ஒரு கையில் ஏரி, இன்னொரு கையில் வயல், அதுவும் ஏரி மட்டத்துக்குக் கீழே. ஏதாவது ஒரு மதகின் மேல் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் அலை கல்லில் மோதும். முதுகுப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடும். தண்ணீரில் நட்ட கழிகளின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கும், கொடியில் வேட்டி போட்ட மாதிரி. ஒரு மணி நேரம் போனதே தெரியாது.

மாதம்தான் முக்கியம். முதல் தடவை நான் சித்திரையில் போய் நன்றாக ஏமாந்தேன். வெடித்த தரையில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மேட்டூர் திறந்து, கொள்ளிடத்தில் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக ஏரிக்குத் தண்ணீர் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்கேயிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் சேர்ந்துகொள்ளும். என்னைக் கேட்டால் தை மாதம். மழை விட்டிருக்கும், ஏரியும் தளும்பும்.

காட்டுமன்னார்கோயில் ஊரையும் விட்டுவிடாதீர்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர் வீரநாராயணன். அந்தப் பெயர்தான் ஏரிக்கு, ஊருக்கு, பெருமாளுக்கு என்று மூன்று இடத்திலும் ஒட்டிக்கொண்டது. வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர் இது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இந்தப் பெருமாள் முன்னால் நம்மாழ்வாரின் ‘ஆராவமுதே’ பதிகத்தைப் பாட, ‘ஆயிரத்துள் இப்பத்தும்’ என்ற வரியில் நாதமுனிகளின் காது நின்றதாம். மிச்சம் 990 எங்கே என்று தேடிப் புறப்பட்டவர், ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் தொகுத்து முடித்தார். பகலில் கோயிலில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். நிம்மதியாகத் தூணில் சாய்ந்து உட்காரலாம்.

கேள்வி: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பெயர் காட்டுமன்னார்கோயில் கல்வெட்டில் இருப்பது நிஜமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நிஜம். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லி, அவர்களையும் சொந்தக்காரர்களையும் சேர்த்துச் சொத்தைப் பறிக்கிறது. மாமன்மாரைக்கூட விடவில்லை. ஆனால் ஏன் கொன்றார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. கல்லில் எழுத்து தேய்ந்திருக்கிறது, வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்துப் போங்கள்.