ஜப்தி கேட்பதற்கு முன் வில்லங்கச் சான்று

கேள்வி: ஆம்பூரில் உள்ள ஒரு காலணி நிறுவனத்துக்குப் பதப்படுத்திய தோல் அனுப்பிய வகையில் எனக்கு ரூ.18 லட்சம் வர வேண்டும். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, அவர்கள் இயந்திரங்களையும் ஒரு காலி மனையையும் விற்கப் போவதாகக் கேள்விப்படுகிறேன். வழக்கு முடியும் வரை அவற்றை முடக்கி வைக்க முடியுமா?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆம் கட்டளை, 5-ஆம் விதி தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்ய வழி தருகிறது. ஆனால், பாக்கி இருப்பதை மெய்ப்பிப்பது மட்டும் போதாது. பின்னால் வரக்கூடிய தீர்ப்பை நிறைவேற்ற விடாமல் செய்யும் எண்ணத்துடனேயே எதிர்த்தரப்பு சொத்தைக் கைமாற்ற முனைகிறது என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். பிணையமில்லாத கடனைப் பிணையமுள்ள கடனாக மாற்றிக்கொள்ள இவ்விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று ராமன் டெக் – சோலங்கி டிரேடர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே, கடைத்தெருவில் காதில் விழுந்ததைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிப் பயனில்லை. முதலில் அந்த மனைக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதிக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தமோ, மனைவி மக்கள் பெயருக்கு செட்டில்மென்ட் பத்திரமோ பதிவாகியிருந்தால், அஞ்சல் ஒப்புகை அட்டையையும் அந்தப் பதிவையும் அடுத்தடுத்து இணைத்துவிடுங்கள். அதற்கு மேல் வாதம் அதிகம் தேவைப்படாது. இயந்திரங்களுக்கு இத்தகைய பதிவேடு கிடையாது என்பதால், தரகர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, லாரியில் ஏற்றியதை நேரில் கண்டவரின் வாக்குமூலம் போன்றவற்றைத்தான் தேட வேண்டும். சொத்தின் விவரமும் உத்தேச மதிப்பும் மனுவில் இடம்பெற வேண்டும்.

பாக்கி ரூ.3 லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும். வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சு அங்கே கட்டாயம். அவசர இடைக்கால நிவாரணம் கோருபவருக்கு மட்டுமே விலக்கு. அந்த விலக்குக்காகவே ஜப்தி மனுவை ஒப்புக்குச் சேர்ப்பவர்கள் உண்டு. கோரிக்கை உண்மையானதா என்று நீதிமன்றம் பார்க்கும் என்பதை 2023-இல் உச்ச நீதிமன்றம் உணர்த்திவிட்டது.

உத்தரவு கிடைத்தாலும் அதன் எல்லையை அறிந்திருங்கள். அந்த மனை ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், உங்கள் ஜப்தி வங்கியின் உரிமையைத் தொடாது. எதிர்த்தரப்பு போதிய பிணையம் கொடுத்தால் ஜப்தி விலகிவிடும். உங்களுக்கு அதனால் நஷ்டமில்லை. போதிய காரணமின்றி ஜப்தி வாங்கியதாகத் தெரிய வந்தாலோ, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவின்படி ரூ.50,000 வரை இழப்பீடு கட்ட நேரிடலாம்.

இன்னொன்று: பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வக்கீலிடம் காட்டுங்கள். தகராறு நடுவர் முன் தீர்க்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தால், சொத்தை முடக்கி வைக்கும் இடைக்கால உத்தரவுக்கு 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவின் கீழ் மனுப் போட வேண்டியிருக்கும்.